உறைன்னுதான் சொன்னாங்க

அட்டையைக் காட்டுங்க. அங்கிருந்தே ஆட்டினா எப்படி? கையில குடுங்க. கண்ணாடி எங்க வெச்சேன்... இருங்க. ம். போட்டோவுல மீசை இருக்கு, உங்களுக்கு இல்ல. எடுத்துட்டீங்களா. எப்ப? சரி சரி, சும்மா கேட்டேன். என் கடைக்கே வந்து என்னைத் துருவப் போறீங்க, நான் ஒரு கேள்வி கேட்டா என்ன குறைஞ்சு போச்சு?

அந்த மூட்டை மேல உக்காராதீங்க, பஞ்சு அமுங்கிடும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க. கதவு அப்படியே இருக்கட்டும். முழுசாச் சாத்தினா எதிர்ல இருக்கற சைக்கிள்கடைக்காரன் என்னமோ நடக்குதுன்னு எழுந்து வந்துடுவான். முழுசாத் திறந்தா அவன் உக்காந்த இடத்துலயே இருப்பான், காது மட்டும் இங்க வந்துடும். ஒரு கை அளவு விட்டா சரியா இருக்கும். போகும்போது கேட்டான்னா மெத்தைக்குச் சொல்ல வந்தேன்னு சொல்லுங்க. ஆறரைக்கு அஞ்சு. அளவு கேப்பான், தடுமாறக் கூடாது.

எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். மனு விஷயம். மனுவை நான் எழுதல. என் வீட்டுக்காரி எழுதினது. கையெழுத்தும் அவளோடது. அவ இப்ப இல்ல, ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போயிருக்கா. பன்னெண்டுக்கெல்லாம் வந்துடுவா. அதுக்குள்ள முடிச்சுட்டுக் கிளம்புங்க. அவளைக் கேக்க வேணாம். கேக்கறதை என்னைக் கேளுங்க.

இருங்க. பேனாவைத் திறக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த நர்ஸ் இப்ப எங்க?

வீட்டுலயா. பத்து நாளா வேலைக்கு வர வேணாம்னு உக்கார வெச்சிருக்கீங்களா? இன்னிக்கு நான் சொல்றதை வெச்சுத்தான் மறுபடி கூப்பிடறதா ஒரேயடியா அனுப்பறதான்னு முடிவா? அது ஒப்பந்த வேலைன்னு சொன்னாங்களே. அனுப்பினா அனுப்பினதுதானே?

ம். தூக்கிக் கொண்டுவந்து என் தலையில வெச்சுட்டீங்க.

சரி, எழுதிக்கோங்க. வயசு அறுபத்தொண்ணு. தொழில் மெத்தை, தலையணை. பஞ்சு அடிக்கறது, அடைக்கறது, உறை தைக்கறது, எல்லாம் நாங்க ரெண்டு பேருதான். அவ ஓரம் தைப்பா, நான் மீதி. பழைய மெத்தையைப் பிரிச்சு அடிச்சும் தருவோம். அதை எழுத வேணாமா? எழுதுங்க. தொழிலைப் பாதி எழுதாதீங்க. விஷயமே அதுலதான் இருக்கு.

அஞ்சு மாசம் முன்னாடி இருமல் வந்துச்சு. வந்துச்சுன்னு என்ன, எப்பவும் இருமல்தான். முப்பத்தெட்டு வருஷமா பஞ்சுத் தூசிக்குள்ள உக்காந்திருக்கேன், இருமாம இருந்தாத்தான் அவ வந்து எட்டிப் பாப்பா. ஆனா இந்தத் தடவை துண்டுல சிவப்பா இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். சளி குடுன்னாங்க, குடுத்தேன். நெஞ்சைப் படம் எடுத்தாங்க. காசநோய்னாங்க. ஆறு மாசம் மாத்திரை, ஒரு நாள் விடக் கூடாதுன்னாங்க. சரின்னேன். அப்புறம் கையை நீட்டுங்கன்னாங்க. ரத்தம் எதுக்குன்னு கேட்டேன். காசநோய் வந்த எல்லாருக்கும் பாக்கறதுன்னாங்க. எல்லாருக்கும்னா எல்லாருக்குமா? எனக்கு முன்னாடி நின்னவனுக்கு எடுக்கறாங்களான்னு எட்டிப் பாத்தேன். எடுத்தாங்க. பின்னாடி ஒரு வாத்தியார் நின்னாரு, அவருக்கும் எடுக்கற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வெளிய வந்தேன்.

ரெண்டு நாள் கழிச்சுப் போனா, இன்னொரு கிருமியும் இருக்குன்னாங்க.

இல்ல, பேர் சொல்லல. சொன்னாங்களோ என்னவோ, எனக்குக் காதுல விழல. ரத்தத்துல இருக்குன்னாங்க. எனக்கென்ன தெரியும்? கிருமின்னா கிருமி. ஒண்ணு நெஞ்சுல, ஒண்ணு ரத்தத்துல, ரெண்டும் இருமலுக்குத்தான்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியும் அது எச்.ஐ.வி.ன்னு. பாருங்க, என் வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்க. நீங்க எழுதினா போதும், திருப்பிச் சொல்லாதீங்க. கதவு திறந்திருக்கு.

எங்கிருந்து வந்துச்சுன்னு அதுல கட்டம் ஏதாவது இருக்கா? இல்லயா. நல்லதாப் போச்சு. சலூன்ல பிளேடு மாத்த மாட்டான் அவன்.

பிளேடுல வராதா? எப்பவாவது ஒருதடவை? ம். நீங்க படிச்சவரு. சொன்னா சரிதான்.

இப்ப அந்த நர்ஸ் விஷயத்துக்கு வாங்க. சின்ன ரூம் அது. ஒரு மேஜை, மேஜையில ஒரு கால் ஆடும், அட்டையை மடிச்சு அண்டை குடுத்திருப்பாங்க. எடை மெஷின். நடுவுல ஒரு பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தர் உக்காந்து இருமிட்டிருப்பாரு. இந்தப் பக்கம் என்ன பேசினாலும் அந்தப் பக்கம் இருமல் நிக்கும். கேக்கறதுக்காக நிறுத்துவானுங்க. நானும் நிறுத்தியிருக்கேன்.

அந்தப் பொண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். குட்டையா இருக்கும். என்னைப் பாத்துப் பேசல. எடை மெஷினைப் பாத்துச் சொல்லுச்சு. ஐயா, இனிமே உறை இல்லாம படுக்கக் கூடாது, உங்க வீட்டம்மாவுக்கும் வந்துடும். அவ்வளவுதான். இதை அப்படியே எழுதுங்க, ஒரு வார்த்தை மாத்தாதீங்க. உறைன்னுதான் சொன்னாங்க. முன்னாடி எதையும் ஒட்டல. ஆணுன்னோ பொண்ணுன்னோ, ஒண்ணும் இல்ல. வெறும் உறை.

சார், நீங்களே சொல்லுங்க. நான் காலையில எழுந்தா உறை தைக்கறேன், சாயங்காலம் வரைக்கும் உறை தைக்கறேன். தலையணை உறை, மெத்தை உறை, திண்டு உறை. என்கிட்ட வந்து உறை இல்லாம படுக்காதேன்னா எனக்கு என்ன தோணும்? கோவம்தான் வந்துச்சு. என் வீட்டுல எந்தத் தலையணை உறை இல்லாம கெடந்துச்சு, இந்தப் பொண்ணு எப்ப வந்து பாத்துச்சுன்னு நெனச்சேன்.

என்ன சிரிப்பு? இல்ல, சிரிச்சீங்க. ஓரத்துல தெரிஞ்சுது. சிரிச்சுக்கோங்க, தப்பில்ல. டாக்டரும் சிரிச்சாரு. என் மச்சினன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். அப்புறம்தான் ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டாங்க.

வீட்டுக்கு வந்தேன். நல்ல கெட்டித் துணியா எடுத்து, ரெட்டை மடிப்பு வெச்சு, பத்து உறை தெச்சேன். அவளுக்கு அஞ்சு, எனக்கு அஞ்சு. மெத்தைக்கும் புதுசா ஒண்ணு. இது எதுக்குன்னு கேட்டா. டாக்டர் சொன்னாரு, கிருமி பஞ்சுக்குள்ள இறங்கிடும், தினம் மாத்தணும்னேன். அவளும் தினம் கழட்டுவா, பெரிய பாத்திரத்துல போட்டுக் கொதிக்க வைப்பா, கொடியில காயப் போடுவா. நாலு மாசம். கையெல்லாம் வெந்து போச்சு அவளுக்கு.

என்ன கேக்க வர்றீங்க? உங்க கண்ணு கேக்குது, வாய்தான் கேக்க மாட்டேங்குது. ஆமா, இந்த வயசுலதான். அறுபத்தொண்ணு ஆனா ஆளு செத்துப் போயிடறானா? அவளுக்கு அம்பத்தஞ்சு. பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு, வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். போதுமா? எழுத வேணாம் இதை. எழுதிட்டீங்களா? அடிங்க.

போன மாசம் அவளுக்குக் காய்ச்சல். விடவே இல்ல. அவளையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். காசநோய் இல்லன்னாங்க. ரத்தத்துல அது இருக்குன்னாங்க. அந்த டாக்டர் ஒளிச்சு மறைக்கல, நேரா பேரைச் சொல்லிட்டாரு. உங்க வீட்டுக்காரருக்கு இருக்குன்னு சொல்லி நாலு மாசமாச்சே, உங்களுக்குத் தெரியாதான்னு கேட்டாரு. அவ என்னைத் திரும்பிப் பாத்தா.

அப்ப நான் உறைக் கதையைச் சொன்னேன்.

கதைன்னா, நடந்ததைச் சொன்னேன்னு அர்த்தம். வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க.

அவ திட்டல சார். முப்பத்திரெண்டு வருஷத்துல நான் துண்டைத் தொலைச்சாக்கூட ஒரு வாரம் திட்டுவா. இதுக்கு ஒரு வார்த்தை திட்டல. தலையில அடிச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரியிலயும் உங்க கடையைத்தான் நெனச்சீங்களான்னா. சிரிச்சா. பஸ்ல வரும்போது சிரிச்சுக்கிட்டே அழுதா, பக்கத்துல இருந்த அம்மா வேற பக்கம் திரும்பிக்கிச்சு. வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்து உக்காந்துட்டா. அவ எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், பாத்திருப்பீங்களே. விவரம் தெரியாத மனுஷனுக்கு விளங்கற மாதிரி எடுத்துச் சொல்லாதது யார் குத்தம்னு எழுதினா. விவரம் தெரியாத மனுஷன் நான். படிச்சுக் காட்டிட்டு, சரியா இருக்கான்னு கேட்டா. சரியா இருக்குன்னேன். அனுப்ப மாட்டான்னு நெனச்சேன். மறுநாள் காலையில தபால்ல போட்டுட்டு வந்துட்டா.

முடிஞ்சுது. இவ்வளவுதான். எங்க கையெழுத்து?

என்ன, இன்னும் இருக்கா?

பொட்டலமா? என்ன பொட்டலம்?

காட்டுங்க அந்த ஆஸ்பத்திரி நோட்டை. ஆமா, கையெழுத்து என்னுதுதான். மாத்திரைக்குப் போட்டது. அங்க எத்தனை கட்டத்துல போடச் சொல்றாங்க தெரியுமா? கை காட்டற இடத்துல போட்டுட்டு வருவேன். மாசாமாசம் குடுத்ததா எழுதியிருந்தா குடுத்திருப்பாங்க. பழுப்புக் கவர்ல ஏதோ ஒண்ணு மாத்திரையோட சேத்துப் போடுவாங்க. நான் பிரிச்சுப் பாக்கல. குப்பையில போட்டிருப்பேன்.

பிரிச்சுப் பாக்கலன்னா குப்பைன்னு எப்படித் தெரியும்னா? நீங்க ஆபீசரா வக்கீலா? மாத்திரை கவர் ஒண்ணு, இது ஒண்ணு. மாத்திரை இல்லாதது குப்பை. அவ்வளவுதான் கணக்கு.

அது என்ன, பக்கத்துல சிவப்பு மையில? வீட்டம்மாவைப் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னோம், ஊர்ல இல்லன்னாருன்னா? ஆமா, இல்லதான். அவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தா.

மூணு மாசமும் அதே எழுதியிருக்கா? அக்காவுக்கு முடியல. போவா, வருவா. நான் போற அன்னிக்கு அவ ஊர்ல இருக்க மாட்டா. அதுக்கு நான் என்ன பண்ண?

இதோ பாருங்க. நீங்க கேட்டதையே வேற வேற மாதிரி கேக்கறீங்க. வார்த்தை மாறுதான்னு பாக்கறீங்க. மாறாது. டாக்டர்கிட்ட சொன்னேன், அவகிட்ட சொன்னேன், மச்சினன்கிட்ட சொன்னேன். உங்ககிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். உறைன்னுதான் சொன்னாங்க. அதை அவங்களால இல்லன்னு சொல்ல முடியுமா? எடை மெஷினைப் பாத்துச் சொன்னதை இல்லன்னு சொல்ல முடியுமா?

அவளுக்கு எப்ப வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியல, அதையும் எழுதுங்க. இந்த நாலு மாசத்துலயும் வந்திருக்கலாம், அதுக்கு முன்னாடியே வந்திருக்கலாம், கண்டுபிடிக்க முடியாதுன்னாரு. முன்னாடியே வந்திருந்தா உறை போட்டா என்ன, போடாட்டி என்ன? நான் நெனச்சுப் பாக்கறது அதுதான். சும்மா உக்காந்திருக்கும்போது.

சரி, கையெழுத்துப் போடறேன். ஆனா அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு என்ன எழுதிக் குடுத்திருக்குன்னு படிங்க. அவங்ககிட்டயும் வாங்கியிருப்பீங்கல்ல? அந்த ஃபைலுக்குள்ளதான் இருக்கு, அடியில தலைகீழா வெச்சிருக்கீங்க. உக்காந்ததுல இருந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். எனக்குக் காட்டக் கூடாதா? அப்பக் கையெழுத்தும் கிடையாது. எழுந்து போங்க. எனக்குத் தெரியும் அதுல என்ன இருக்கும்னு. கிழவன் பொய் சொல்றான், எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன், வேணும்னே பண்ணிட்டு இப்ப என் மேல போடறான். அதானே? எனக்கும் பதில் இருக்கு. பத்து நாளா யோசிச்சு வெச்சிருக்கேன். படிங்க.

கொஞ்சம் மெதுவா.

என்னது? இன்னொரு தடவை.

பெரியவர் எங்கப்பா வயசு, அவர் முன்னாடி அந்த வார்த்தையைச் சொல்லக் கூச்சமா இருந்துச்சு, திரைக்குப் பின்னாடி ஆள் இருந்தாங்க, அதனால உறைன்னு மட்டும்தான் சொன்னேன்... அப்படியா எழுதியிருக்கு? கீழ?

பொட்டலத்தைப் பிரிச்சு விளக்கப் போனேன். அவர் தெரியும் தெரியும், போதும்னாரு. நானும் விட்டுட்டேன். விட்டது என் தப்பு. தலையணை உறைன்னு நெனச்சேன்னு அவர் சொல்றது உண்மையாத்தான் இருக்கும். அவர் தொழில் அதுன்னு என் நோட்டுலயே எழுதியிருக்கேன், நான் யோசிச்சிருக்கணும்... இதையுமா எழுதியிருக்கு?

யார் எழுதச் சொன்னது இதை? நீங்களா? மெரட்டினீங்களா? எழுதிக் குடுத்தா விட்டுடறோம்னு ஏதாவது ஆசை காட்டினீங்களா?

தானாவே எழுதிச்சா.

அறிவு கெட்ட பொண்ணு. அப்படியா எழுதிக் குடுப்பாங்க? எவனாவது தனக்குக் குழியைத் தானே வெட்டிட்டு, மண்வெட்டியையும் கழுவிக் குடுப்பானா? நான் சொல்றது பொய்னு ஒரு வரி எழுதியிருந்தா என்ன? ஒரு வரி. நான் அதுக்குப் பதில் வெச்சிருந்தேன் சார். இதுக்கு வெச்சிருக்கல.

இருங்க. தண்ணி குடிக்கறேன். உங்களுக்கு வேணுமா? வேணாமா. ஒரே சொம்புன்னு யோசிக்காதீங்க, தண்ணியில வராது அது. உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அஞ்சு மாசமாத் தெரியும்.

தெரியும் தெரியும்னு சொன்னேன்ல அந்தப் பொண்ணுகிட்ட. தெரிஞ்சுதான் சொன்னேன்.

எழுதுங்க. என்ன பாக்கறீங்க? இவ்வளவு நேரம் சரசரன்னு எழுதினீங்க.

உறைன்னு சொன்னப்ப, ஒரு நிமிஷம், நெசமாவே தலையணை உறைன்னுதான் தோணுச்சு. அது பொய்யில்ல. எண்ணி ஒரே நிமிஷம். பொட்டலத்தைக் கையில வெச்சதும் தெரிஞ்சு போச்சு. அந்தப் பொண்ணு அதை வாயால சொல்ல என்ன பாடு பட்டுச்சோ, அதைக் கேட்டுக்கிட்டு உக்கார நான் அதே பாடு பட்டேன். போதும்மான்னு எழுந்துட்டேன். வீட்டுக்கு வந்து தெச்ச அந்தப் பத்து உறையும் தெரிஞ்சே தெச்சதுதான். நோய் பேரும் தெரியும். அந்தப் பொண்ணு காகிதத்துல எழுதிக் காட்டுச்சு, திரைக்கு அந்தப் பக்கம் கேக்கக் கூடாதுன்னு. எனக்காக. எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியும். வருஷத்துக்கு ரெண்டு தடவை லாட்ஜுக்கு மெத்தை போடப் போவேன். நாலஞ்சு நாள் தங்கணும். அதுக்கு மேல கேக்காதீங்க. சலூன்காரன் புது பிளேடுதான் போடறான், பாவம்.

அதைப் போட்டிருக்கலாமேன்னா, போட்டிருக்கலாம். போட்டா ஏன்னு கேப்பா. பொண்ணு பிறந்து முப்பது வருஷமாச்சு, ஆபரேஷன் பண்ணி இருபத்தேழு வருஷமாச்சு, எதுக்கு இப்ப இதுன்னு கேப்பா. அந்த ஒரு ஏனுக்குத்தான் சார். சரி, கிட்டப் போகாமலாவது இருந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. ரெண்டு வாரம் இருந்தேன். இருமல்னு சொல்லிட்டு, உள்வீட்டுல படுக்காம இங்க கடையில இந்த மூட்டை மேல படுத்தேன். மூணாவது வாரம் பாயைச் சுருட்டிக்கிட்டு அவளே இங்க வந்துட்டா. உங்க இருமல் எனக்குப் புதுசான்னா. அப்பவும் சொல்லியிருக்கலாம். அன்னிக்கும் சொல்லல. அவ ஊர்லதான் இருந்தா. அக்கா வீட்டுக்கெல்லாம் போகல.

பொட்டலம் குப்பையில இல்ல. என் தலையணையில இருக்கு. அதோ, அந்த மடிப்புக்குள்ள, பஞ்சோட பஞ்சா வெச்சுத் தெச்சுட்டேன். மாசாமாசம் பிரிச்சு மாசாமாசம் தெச்சேன். குப்பையில போட்டா அந்த சைக்கிள்கடைக்காரன் கிளறுவான். இது என்ன உங்க தலையணை சரசரங்குதுன்னு அவ ஒரு நாள் கேட்டா. கொட்டை கலந்த பஞ்சுன்னேன். நம்பிட்டா. இந்தத் தொழில்ல இருக்கறவ, கொட்டைச் சத்தம் தெரியாதவ இல்ல. நான் சொன்னதால நம்பினா. இந்தாங்க கத்தரி, பிரிச்சுப் பாத்துக்கோங்க. எண்ணி எழுதிக்கோங்க. நாலு மாசத்துது அப்படியே இருக்கு.

எழுதியாச்சா? படிங்க. நர்ஸ் உறையைக் கையில குடுத்தாங்க, எனக்கு விளங்குச்சு, வேணும்னேதான் வீட்டுல சொல்லல. வேணும்னேங்கறது இருக்கட்டும், அடிக்காதீங்க. மனுவுல இருக்கறது தப்பு. அதை எழுதினவளுக்கு அது தப்புன்னு தெரியாது. அதையும் போடுங்க. அவ மேல எதுவும் வரக் கூடாது.

குடுங்க பேனாவை. இங்கயா? சரி.

அந்தப் பொண்ணைத் திங்கக்கிழமையே கூப்பிட்டுடுவீங்களா? ம். கூப்பிட்டா, அடுத்த ஆளுக்கு அந்த வார்த்தையை முழுசாச் சொல்லச் சொல்லுங்க. யாரைப் பாத்தாவது சொல்லட்டும். தெரியும் தெரியும்னு எவனாவது சொன்னா, அவனைத்தான் உக்கார வெச்சு ரெண்டு தடவை சொல்லணும்.

எங்க எழுந்துட்டீங்க?

உக்காருங்க தம்பி. ஃபைலைக் கட்டாதீங்க. பன்னெண்டு ஆகப் போகுது, அவ வந்துடுவா. ஆமா, அதுக்குள்ள போயிடுங்கன்னு நான்தான் சொன்னேன். இப்ப இருங்கன்னு சொல்றேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம், படிச்சுக் காட்டவும் வேணாம். நானே சொல்றேன். அவ கேக்கற ஏனுக்கெல்லாம் நானே பதில் சொல்றேன். அந்த ஸ்டூல்ல அப்படியே உக்காந்திருங்க, போதும். வெளியாளு ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கணும். இல்லேன்னா அவ மூஞ்சியைப் பாத்ததும் நான் மறுபடியும் தலையணை உறைன்னுதான் ஆரம்பிப்பேன்.